பி.ஜி. அனிமேஷன் ப்ராஜெக்ட்: ஜூனியர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

டிசம்பர் பிறந்தால் போதும், ஜூனியர்களின் அழைப்பு வரத் தொடங்கிவிடும். கடைசி செமஸ்டர் வரப்போகிறது, சினாப்சிஸ் கொடுத்தாயிற்று, கை நடுங்குகிறது. ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாகப் போட்டுப் போட்டுத் தொண்டை வறண்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நான் செய்தது கையால் வரைந்த 2டி படம். 3 நிமிடம் 40 விநாடி, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் ஒருவரைப் பற்றியது. இப்போது சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் லேஅவுட் வேலை பார்க்கிறேன். கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு. எம்.எஸ்சி. படிப்பில் ரிவ்யூ, வைவா என்பார்கள். அகமதாபாத் என்ஐடி (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), ஐஐடி மும்பையின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி போன்ற இடங்களின் எம்.டெஸ். (டிசைன் முதுகலை) படிப்பில் ஜூரி என்பார்கள். உங்கள் கையேட்டை முதலில் படித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

"அக்கா, எத்தனை நிமிஷம் படம் பண்ணலாம்? கம்மியா இருந்தா மார்க் குறைச்சிடுவாங்களா?"

கையேட்டில் குறைந்தபட்சம் என்ன போட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம். விநாடிக்கு 24 பிரேம் என்று கணக்குப் போட்டால் மூன்று நிமிடத்துக்கு 4,320 பிரேம். ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வரைந்தாலும் 2,160 ஓவியம். இதை ரஃப், க்ளீன்-அப், கலர் என்று மூன்று தடவை தொட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் "ஏழெட்டு நிமிஷம் வரும்க்கா" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு என் ஞாபகம்தான் வரும்.

நான் 9 நிமிடக் கதையோடு போனவள். பிப்ரவரியில் 6 நிமிடம் ஆனது, மார்ச்சில் 3 நிமிடம் 40 விநாடி ஆனது. அந்த வெட்டை ஜனவரியிலேயே செய்திருந்தால், பதினொரு நாள் உட்கார்ந்து வரைந்த சந்தைக் கூட்ட ஷாட் ஒன்றைக் குப்பையில் போட்டிருக்க மாட்டேன். நீளத்துக்காக மார்க் போட்ட எக்ஸ்டர்னலை, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளரை, நான் பார்த்ததில்லை. நடுவில் தொய்ந்ததற்காகக் குறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"விநாடிக்கு 24-ன்னா 24-ம் வரையணுமா?"

வேண்டாம். பெரும்பாலான நடிப்பு 'டூஸ்'-இல் போதும், அதாவது விநாடிக்கு 12 ஓவியம். மெதுவான இடங்களில் மூன்று பிரேமுக்கு ஒன்று. ஆள் அசையாமல் யோசிக்கும் இடத்தில் ஒரே ஓவியத்தை நிறுத்திக் கண்ணிமையை மட்டும் அசைக்கலாம். அசையாமல் நிற்க வைக்கத் தெரிந்தவன்தான் ப்ராஜெக்டை முடிப்பான் என்று எங்கள் சீனியர் ஒருவர் சொல்வார், அரை உண்மை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். கேமரா பக்கவாட்டில் ஓடும்போது பின்னணி ஒவ்வொரு பிரேமுக்கும் நகரும், ஆள் இரண்டு பிரேமுக்கு ஒருமுறை நகர்வான். கால் தரையில் வழுக்குவதுபோலத் தெரியும், உருவமும் துடிக்கும். அந்த ஷாட்டை மட்டும் 'ஒன்ஸ்'-இல், அதாவது பிரேமுக்கு ஒரு ஓவியமாக, வரையுங்கள், இல்லாவிட்டால் கேமராவை நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்திவிடுவேன்.

"கதை எப்படிப் பிடிக்கிறது? ஏதாவது பெரிய மெசேஜ் இருக்கணுமா?"

மெசேஜைத் தேடி ஓடியவர்கள் எல்லோரும் மரம் வெட்டுவது, செல்போன் அடிமை என்ற இரண்டு தெருக்களில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வியைக் கதையிடம் கேளுங்கள்: இதைக் கேமரா வைத்து எடுத்துவிடலாமே, ஏன் வரைய வேண்டும்? இதற்குப் பதில் இருந்தால் கதை உங்களுடையது. என் கதையில் பெரியவர் சட்டைச் சுருக்கங்களைத் தேய்க்கும்போது, அந்தச் சுருக்கங்கள் சட்டைக்காரரின் அன்றைய நாளாக விரியும். பஸ்ஸில் நசுங்கியது, அழுதபோது கையால் கசக்கியது. இதைக் கேமராவில் எடுக்க முடியாது. இந்தக் கேள்வி வைவாவில் மறுபடி வரும்.

மற்றபடி ஒரே இடம், இரண்டு பாத்திரம், கூட்டம் இல்லாமல், குதிரை இல்லாமல். குதிரை நடையை ஆறு வாரம் பழகிய நண்பன் ஒருவன் எனக்குண்டு. நடை பிரமாதமாக வந்தது, கதை வரவில்லை.

"பிடிச்ச எழுத்தாளரோட சிறுகதையை எடுத்துப் பண்ணலாமா? காலேஜ் ப்ராஜெக்ட்தானே?"

வகுப்புக்குள் காட்டும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். திரைப்பட விழாவுக்கு அனுப்பும்போது விண்ணப்பத்தில் உரிமை யாரிடம் என்று கேட்பார்கள், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள்வரை அவருடைய எழுத்துக்குக் காப்புரிமை உண்டு. உயிரோடிருப்பவர் என்றால் அவரிடம், மறைந்தவர் என்றால் வாரிசிடம், கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுமதி வாங்குங்கள். மாணவர் படம் என்று சொன்னால் பலர் மகிழ்ச்சியோடு தருகிறார்கள். போனில் "தாராளமா பண்ணுங்க தம்பி" என்று சொன்னது செல்லாது.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழக அரசு பல எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது, அவற்றை யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்தாளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அந்த நூல்கள் படிக்கக் கிடைக்கின்றன. அங்கே ஒரு வாரம் மேய்ந்துவிட்டு வாருங்கள். இரண்டு பக்கக் கதையாகத் தேடுங்கள்.

"ஸ்டோரிபோர்டு ஓகே ஆயிடுச்சு. அனிமேட்டிக் போடாம நேரா வரைய ஆரம்பிச்சிடவா?"

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள்.

ஸ்டோரிபோர்டு படங்களை அவற்றின் நேர அளவில் வரிசையாக அடுக்கி, ஒரு கச்சாக் குரலையும் இரண்டு மூன்று ஒலிகளையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அனிமேட்டிக். குச்சி மனிதர்கள் போதும். சுவரில் ஒட்டிய ஸ்டோரிபோர்டைக் கண் அதன் விருப்பப்படி வேகமாகப் படித்துவிடும், அதனால் எல்லாமே நன்றாக ஓடுவதுபோலத் தெரியும். நேரம் சேர்ந்தவுடன்தான் ஒரு ஷாட் நான்கு விநாடி கனக்கிறது என்று புரியும். கதையை அறியாத ஒருவரை உட்கார வைத்து, வாயைத் திறக்காமல் அனிமேட்டிக்கைப் போட்டுக் காட்டி, முடிந்ததும் "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். நான் என் பெரியம்மாவிடம் காட்டினேன். "அந்தப் பொண்ணு யாரு, எதுக்கு வந்தா?" என்றார். அந்தப் பெண்ணை எடுத்துவிட்டேன். ஒன்றரை நிமிடம் குறைந்தது, படம் ஒரு பொட்டும் இழக்கவில்லை.

அனிமேட்டிக்கில் ஒரு ஷாட்டை வெட்ட ஐந்து விநாடி ஆகும். வரைந்த பிறகு வெட்டினால் அதன் பின்னால் பதினொரு நாள் கிடக்கும், மனசும் வராது. அதனால் குறைந்தது நான்கு அனிமேட்டிக் போடுங்கள். கடைசி ஒன்றைக் கைடிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகுதான் முதல் கீ ஓவியம், அதாவது அசைவின் முக்கிய நிலைகளை வரைவது.

"மாயாவா, பிளெண்டரா? எதுல பண்ணா மதிப்பு?"

உங்களுக்கு எது ஏற்கெனவே கைவந்திருக்கிறதோ அது. கடைசி செமஸ்டரில் புது மென்பொருள் கற்றுக்கொள்வது கல்யாணத்தன்று சமையல் பழகுவது மாதிரி. மாயாவுக்கு மாணவர் உரிமம் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதைக் கொண்டு வணிக வேலை செய்யக்கூடாது. பிளெண்டர், கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் மூன்றும் எப்போதுமே இலவசம். 2டி செய்பவர்கள் பிளெண்டருக்குள்ளேயே வரைய உதவும் கிரீஸ் பென்சிலையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

மதிப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு தகவல். லாட்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ' முழுக்க பிளெண்டரில் செய்த படம், 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. எக்ஸ்டர்னல் மென்பொருளைக் கேட்டு முகம் சுளித்தால் இதைச் சொல்லலாம். அவர்களுக்கு ஒரு குழுவும் ஆண்டுக்கணக்கில் நேரமும் இருந்தன என்பதை உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

"டைம் டேபிள் போட்டா ஒரு வாரம்கூட நிக்க மாட்டேங்குது. எப்படிப் போடுறது?"

சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி ஒரு வாரம் பைண்டிங், பிரதி எடுப்பது, கல்லூரிக் கணினியில் படம் ஓடாமல் போவது ஆகியவற்றுக்கு. அதற்கு முன் இரண்டு வாரம் ஒலிக்கலவைக்கும் கம்பாசிட்டிங்குக்கும் (பாத்திரம், பின்னணி எல்லாவற்றையும் அடுக்கி ஒரே காட்சியாக்குவது). மிச்சம் இருப்பதுதான் வரையும் நாள். இப்போது ஷாட்களை லேசு, நடுத்தரம், கொடூரம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் ஒன்றை முழுசாக முடித்துப் பாருங்கள். எத்தனை நாள் ஆனது என்பதுதான் உங்கள் உண்மையான வேகம். அதைக் கொண்டு பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். சுற்றினால் அனிமேட்டிக்குக்குத் திரும்பிப் போய் வெட்டுங்கள்.

முதல் ஷாட்டிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். போகப் போகத்தான் கை திருந்தும், பாத்திரத்தின் மூக்கு ஒரு நிலைக்கு வரும். முதலில் வரைந்த ஷாட்தான் படத்திலேயே மோசமானதாக இருக்கும், அது படத்தின் தொடக்கத்திலா இருக்க வேண்டும்? நடுவிலுள்ள நடுத்தர ஷாட்டில் தொடங்குங்கள். தொடக்கமும் முடிவும் கை நன்றாகப் பழகிய பிறகு. ஆனால் கடைசி வாரத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

"கைடு ஒரு ரிவ்யூல ஒண்ணு சொல்றார், அடுத்த ரிவ்யூல அதையே ஏன் பண்ணேன்னு கேக்குறார்."

எல்லாக் கல்லூரியிலும் உண்டு. கைடுக்கு உங்களைப் போல ஏழெட்டுப் பேர். சொன்னது அவருக்கு நினைவிருக்காது, அதில் குற்றமும் இல்லை. ஒவ்வொரு ரிவ்யூவும் முடிந்த அன்று மாலையே, "சார், இன்று நீங்கள் சொன்ன மூன்று திருத்தங்கள் இவை, இவற்றை இந்தத் தேதிக்குள் முடிக்கிறேன்" என்று பணிவாக ஒரு மின்னஞ்சல். அடுத்த ரிவ்யூவில் அதை அச்செடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். சண்டையே வராது. பின்னால் ரிப்போர்ட் எழுதவும் இதே மின்னஞ்சல்கள் உதவும்.

"நாலு பேர் சேர்ந்து பண்ணலாம்னு சொல்றாங்க. சேரலாமா?"

சேரலாம், இரண்டு விஷயத்தை எழுதி வைத்துக்கொண்டு. யார் எந்த வேலை, டைட்டிலில் யார் பெயர் என்னவாக வரும். இதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஆளுக்குப் பத்து ஷாட் என்று பிரித்தால் நான்கு பேர் கை நான்கு விதமாகத் தெரியும். ஒருவர் பின்னணி, ஒருவர் கீ, ஒருவர் க்ளீன்-அப், ஒருவர் கம்பாசிட்டிங்கும் ஒலியும் என்று துறையாகப் பிரித்தால் படம் ஒரே கையாக இருக்கும். ஆனால் கீ போடுபவர் காய்ச்சலில் படுத்தால் மற்ற மூவரும் சும்மா உட்கார வேண்டும். எது தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"தமிழ் வசனத்துக்கு லிப் சிங்க் சார்ட் எங்க கிடைக்கும்? நெட்ல இருக்கிறதெல்லாம் இங்கிலீஷுக்குத்தான் இருக்கு."

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். எந்த ஒலிக்கு வாய் எந்த வடிவம் என்று காட்டும் அந்தச் சார்ட் தமிழுக்குத் தொல்காப்பியத்தின் பிறப்பியலில் இருக்கிறது. எழுத்து வாயில் எங்கே எப்படிப் பிறக்கிறது என்று அங்கே வரிசையாகச் சொல்லியிருக்கிறது. நமக்கு வேண்டியது வெளியே தெரியும் வடிவங்கள் மட்டும்: அ, ஆ வாயை அங்காந்து, அதாவது திறந்து, உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவிந்து, ப, ம இரண்டு இதழும் சேர்ந்து, வ மேற்பல்லும் இதழும் சேர்ந்து. இவற்றோடு இ, ஈ, எ, ஏ, ஐ-க்குப் பக்கவாட்டில் விரிந்த வாய் ஒன்று, சும்மா மூடிய வாய் ஒன்று. ஆறு வடிவம், முடிந்தது. நாக்கு உள்ளே என்ன செய்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி வாய் வரைந்து வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். தமிழ்ப் பற்றுக்காக வணங்குகிறேன், வேலைக்காக அழுதேன்.

கண் முதலில் பிடிப்பது ப, ம இரண்டையும்தான். அங்கே இதழ் மூடாவிட்டால் டப்பிங் படம்போல ஆகிவிடும். நம் மொழியில் 'அப்பா', 'அம்மா', 'தப்பு' என்று இரட்டித்து வரும்போது இதழ் சற்று நேரம் மூடியே இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். ஒற்றை மகரத்துக்கு இரண்டு பிரேம் மூடினால், இரட்டித்து வரும் இடத்தில் மூன்று நான்கு பிரேம் கொடுங்கள். வாய் வடிவத்தை ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம் முன்னால் வையுங்கள், அப்போதுதான் சரியாகச் சேர்ந்ததுபோலத் தெரியும். தூரத்து ஷாட்டில் வாயை மறந்துவிட்டுத் தலையையும் தோளையும் ஆட்டினால் போதும்.

"வாய்ஸும் சவுண்டும் கடைசியில பாத்துக்கலாம்ல?"

வசனம் இருந்தால் குரல் முதலில். நடிப்பின் நேரமே குரலில்தான் இருக்கிறது. நல்ல குரல் கிடைக்கும்வரை உங்கள் குரலிலேயே பதிந்து அனிமேட்டிக்கில் போடுங்கள், கீ தொடங்கும் முன் உண்மையான குரலை மாற்றிவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டுடியோவுக்குக் காசில்லை என்றால் துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்து அதன் முன் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசச் சொல்லுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜை நிறுத்துங்கள் (மறுபடி போட மறக்காதீர்கள், எங்கள் வீட்டு மாவு புளித்துவிட்டது). சென்னையில் தெரு அடங்குவது இரவு இரண்டு மணிக்கு மேல்தான், நாய்கள் அனுமதித்தால்.

மற்ற ஒலிகளை நீங்களே செய்யுங்கள். இஸ்திரிப் பெட்டி துணியில் இறங்கும் சத்தத்துக்கு நான் ஈரத் துண்டை ஜமுக்காளத்தில் அறைந்தேன். நிஜப் பெட்டியைப் பதிந்தபோது அதில் ஒன்றுமே கேட்கவில்லை.

"30 செகண்டுக்குள்ள சினிமாப் பாட்டு போட்டா காப்பிரைட் வராதாமே?"

வரும். அப்படி ஒரு 30 விநாடிச் சலுகை சட்டத்தில் எங்கும் இல்லை. ஒரு பாட்டில் வரிக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒரு உரிமை, பதிவுக்கு ஒரு உரிமை என்று மூன்று அடுக்கு உண்டு. பதிவின் உரிமையே வெளியான பின் 60 ஆண்டு நிற்கும். யூடியூபில் ஏற்றினால் இயந்திரமே பிடித்துவிடும்.

"பாரதியார் பாட்டு போடலாமா?" என்பது அடுத்த கேள்வி. அவர் 1921-இல் மறைந்தவர், படைப்புகள் 1949-இலேயே நாட்டுடைமை ஆனவை, வரிகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் கேட்டு வளர்ந்த மெட்டு வேறொருவருடையதாக இருக்கும், பதிவு இன்னொருவருடையதாக இருக்கும். தோழி ஒருத்தியைப் புது மெட்டில் பாட வைத்து, பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அவளிடமும் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

"3டி பண்றேன். ரெண்டர் ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்ல?"

ரெண்டர் என்றால் கணினி 3டி காட்சியை ஒவ்வொரு பிரேமாக முடித்த படமாக்கித் தருவது. கணக்குப் போடுவோம். என் படத்தின் நீளம் 5,280 பிரேம். அதே நீளத்துக்கு ஒரு பிரேம் ஐந்து நிமிடம் எடுத்தால் 440 மணி நேரம், பதினெட்டு நாளுக்கு மேல், ஒரே கணினியில், ஒரு தவறும் நடக்காமல். தவறு நடக்கும். அதனால் மிகக் கனமான ஷாட்டை ஜனவரியிலேயே ரெண்டர் போட்டுப் பார்த்து, ஒரு பிரேமுக்கு எவ்வளவு என்று எழுதி வையுங்கள். பிளெண்டரில் மெதுவான சைக்கிள்ஸ் ரெண்டர் தாங்காவிட்டால் வேகமான ஈவீ. 4கே ஆசையை விடுங்கள், அதில் 1080-ஐப் போல நான்கு மடங்கு புள்ளிகள்.

நேராக எம்பி4 வீடியோவாக எடுக்காதீர்கள். தனித்தனி பிஎன்ஜி அல்லது இஎக்ஸ்ஆர் படங்களாக எடுங்கள். கரண்ட் போனால் பாதியில் நின்ற ஒரு பிரேம்தான் போகும், நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு உங்கள் பகுதிக்கு எந்தத் தேதியில் என்று பேப்பரில் பார்த்து வையுங்கள். ஏப்ரல் மே வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் கணினி தானாக அணையும். எங்கள் பேட்ச்சில் ஒருவன் டேபிள் ஃபேனைக் கேபினெட்டுக்கு வைத்துவிட்டுத் தான் வியர்வையில் தூங்கினான்.

"பேக்கப் எவ்வளவு எடுக்கணும்?"

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையத்தில். பென் டிரைவ் பேக்கப் ஆகாது. ஷாட்டுகளுக்கு 010, 020, 030 என்று பத்துப் பத்தாக எண் கொடுங்கள், நடுவில் புதிது வந்தால் 015 ஆகும். 'ஃபைனல்_ஃபைனல்_இதுதான்' என்ற பெயரில் எதையும் சேமிக்காதீர்கள்.

"ஏஐ-ல பின்னணி ஜெனரேட் பண்ணிக்கலாமா? யாருக்குத் தெரியப் போவுது?"

கல்லூரி விதி அனுமதித்தால் மட்டும், எங்கே பயன்படுத்தினீர்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு. பல விழாக்களின் விண்ணப்பத்திலும் இதைக் கேட்கிறார்கள். யாருக்குத் தெரியும் என்றால், வைவாவில் "இந்த ஜன்னல் ஏன் இங்கே?" என்ற ஒரு கேள்வி போதும். வரைந்தவருக்கு அதற்குப் பதில் இருக்கும். என் சொந்த அபிப்பிராயம்: ஷெட்யூல் சிட்டை நிரப்ப, கோப்புகளுக்குப் பெயர் மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுத அதைக் கூப்பிடுங்கள். பாத்திரத்தின் முகத்தை அதனிடம் கொடுக்காதீர்கள், நீங்கள் படிக்க வந்ததே அதைத்தான்.

"படம்தான் இருக்கே, ரிப்போர்ட் எதுக்கு? கடைசி வாரம் எழுதினா போதாதா?"

போதாது. கடைசி வாரத்தில் எழுதுபவர்கள்தான் அனிமேஷன் வரலாற்றை எங்கிருந்தோ எடுத்து முதல் அத்தியாயத்தை நிரப்புகிறார்கள். யுஜிசி 2018-இல் கொண்டுவந்த விதிப்படி பிறர் எழுத்தோடு பத்து சதவீதம்வரைதான் ஒற்றுமை பொறுக்கப்படும். அதைத் தாண்டினால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், நாற்பதைத் தாண்டினால் ஓராண்டுக்குக் கொடுக்கவே முடியாது, அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து.

ரிப்போர்ட்டில் படிக்கத் தகுந்தது உங்கள் தோல்விகள்தான். எடுத்துவிட்ட பாத்திரம், நான்கு அனிமேட்டிக்குகளின் நீளம், மாற்றிய மூக்கு, ஏன் மாற்றினீர்கள் என்ற காரணம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம் எழுதி, அந்த வாரத்துக் குப்பை ஓவியத்தையும் போனில் படமெடுத்து வைத்தால் பாதி ரிப்போர்ட் தயார்.

"அக்கா, மூணு வாரம்தான் இருக்கு, பாதிகூட முடியல. எக்ஸ்டென்ஷன் கேக்கவா, அரியர் வச்சிடவா?"

முதலில் தூங்குங்கள். பிறகு அனிமேட்டிக்கைத் திறந்து, கதை நிற்க எந்த ஷாட்டுகள் இல்லாமல் முடியாது என்று மட்டும் குறியுங்கள். மற்றதை வெட்டுங்கள். மிச்சத்தில் ஒன்றைக்கூட மெருகேற்றாமல், எல்லா ஷாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்து ஷாட் பளபளவென்றும் பதினைந்து ஷாட் குச்சி மனிதர்களாகவும் இருந்தால் அது முடியாத படம். இருபத்தைந்தும் நிறமில்லாக் கோட்டோவியமாக இருந்தால் அது ஒரு பாணி. நான் கேலி செய்யவில்லை, கரிக்கோட்டிலேயே முடித்துவிட்டு நல்ல மார்க் வாங்கியவர்கள் உண்டு.

அதற்கும் வழியில்லை என்றால் ஒரு முழு நிமிடத்தை எல்லா வேலையும் முடிந்ததாகவும், மிச்சத்தை அனிமேட்டிக்காகவும் இணைத்துக் கொடுக்கலாமா என்று கைடிடம் இப்போதே கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் யாராலும் உதவ முடியாது. அரியர் வைப்பது உலக முடிவு ஆகாது. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படத்தை முடிப்பேன் என்று கிளம்பியவர்களில் முடித்தவர் நான் பார்த்தவரை ஒருவர்தான். கை மணிக்கட்டு வலித்தால் வரையாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

"வைவால என்ன கேப்பாங்க?"

"இதை ஏன் அனிமேஷனில் செய்தீர்கள்?" கதைக் கேள்வியில் சொன்ன அதே பதில். "இந்த ஷாட் ஏன் இவ்வளவு நேரம்?" அனிமேட்டிக்கில் வெட்டிப் பார்த்தவர் என்றால் தயங்காமல் சொல்வீர்கள். குழு என்றால் "இதில் உங்கள் வேலை எது?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. பலவீனமான ஷாட்டை அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லி, நேரம் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். என் எக்ஸ்டர்னல் படத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பெட்டியில் கரி போடும்போது பெரியவர் ஏன் ஊதவில்லை? எனக்குப் பதில் தெரியவில்லை. நான் இஸ்திரி வண்டிக்காரரைக் கவனித்துப் பார்க்காமல் வரைந்திருந்தேன்.

"வீட்ல 'எம்.எஸ்சி. படிச்சிட்டு பொம்மை வரையுறியா'ன்னு கேக்குறாங்க."

அனிமேட்டிக்கை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். உங்களுக்கு ஒரு பார்வையாளர் கிடைப்பார், அவர்கள் ராத்திரி லைட்டை அணைக்கச் சொல்வதும் குறையும்.

"ஸ்டுடியோவுக்கு இந்தப் படத்தையே அனுப்பினா போதுமா?"

முழுப் படத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. அதிலிருந்து ஒரு நிமிட ஷோரீல் வெட்டுங்கள். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அந்த வேலை மட்டும் அதில் இருக்கட்டும். சிறந்த ஷாட் முதலில். குழுப் படம் என்றால் ஷாட்டின் மூலையில் 'கீ அனிமேஷன் மட்டும்' என்பதுபோல எழுதுங்கள், ஒரே ஷாட்டோடு இரண்டு பேர் ஒரே ஸ்டுடியோவுக்குப் போய் இருவருக்குமே வேலை கிடைக்காமல் போன கதை உண்டு.

"ஃபெஸ்டிவலுக்கு அனுப்பணும், யூடியூப்லயும் போடணும். எது முதல்ல?"

விழா முதலில். இணையத்தில் வந்துவிட்ட படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. நம் பக்கத்தில் திருவனந்தபுரத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவான ஐடிஎஸ்எஃப்எஃப்கே, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவான எம்ஐஎஃப்எஃப், மாணவர் அனிமேஷனுக்கென்றே என்ஐடி நடத்தும் சித்ரகதா. பிரான்சின் அன்சி விழாவில் பட்டப்படிப்புப் படங்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. நுழைவுக் கட்டணம் கேட்கும் விழாக்களில் எல்லாவற்றுக்கும் பணம் கட்டாதீர்கள், நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் உரிமை உங்களுக்கா கல்லூரிக்கா என்று சேர்க்கைப் படிவத்தைப் பாருங்கள். கல்லூரிக்கு என்றால் அனுப்புவதற்கு முன் தடையில்லாக் கடிதம் வாங்க வேண்டும்.

தியேட்டரில் போட டிசிபி (தியேட்டர் புரொஜெக்டருக்கான டிஜிட்டல் பிரதி) கேட்பார்கள், டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் செய்துகொள்ளலாம். விநாடிக்கு 24 பிரேம் என்று முதல் நாளே முடிவு செய்யச் சொல்வது இதற்கும்தான், 25-இல் செய்தவர்கள் இங்கே அவதிப்படுவார்கள். ஆங்கில சப்டைட்டிலைத் தனிக் கோப்பாக வையுங்கள். படத்துக்குள்ளேயே எழுத்து வந்தால், எழுத்தில்லாத பிரதி ஒன்றையும் அன்றே எடுத்து வையுங்கள். என் படம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து ஒரு விழாவில் அப்படிக் கேட்டார்கள். பழைய கோப்பைத் திறந்தேன், எழுத்துரு இல்லை, நான்கு பின்னணிகள் எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்று தெரியவில்லை. டைட்டில் வரும் ஆறு ஷாட்டுகளை மறுபடி வரைந்தேன். மூக்கு சரியாக வந்தது.